பன்னிரண்டு குரல் பெட்டியும் ஒரு குரல் பல்லியும்

பெரம்பலூர் துறைமங்கலத்தில் அருள்முருகன் வீட்டுப் பல்லியைக் கேட்காமல் அந்தத் தெருவில் யாரும் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. அடித்தாலும் அந்த ஆணி நின்றதில்லை. மனை வாங்கியது, போர் போட்டது, ஒரே மகளை அரியலூரில் கட்டிக் கொடுத்தது, எல்லாம் அந்தப் பல்லி சொல்லி நடந்த காரியங்கள்.

முறை ரொம்ப எளிது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அருள்முருகனின் மனைவி கமலவேணி தட்டில் ஒரு கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்துவார். கேள்வியைச் சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். கற்பூரம் அணைவதற்குள் பல்லி ‘ச்சு ச்சு ச்சு’ என்றால் காரியம் உண்டு. சொல்லவில்லையென்றால், அப்புறம் கலெக்டரே காரில் வந்து இறங்கிக் கையெழுத்துப் போட்டாலும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அதே பல்லிதான் என்பது கமலவேணியின் கட்சி. அதன் கொள்ளுப்பேத்தியாக இருக்கும் என்பது அருள்முருகனின் கட்சி. அவர் புள்ளியியல் துறையில் முப்பத்தைந்து வருஷம் மாவட்டத்து ஆடு, மாடு, கோழிகளை எண்ணி ஓய்வு பெற்றவர். ஒரு வெள்ளாட்டின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் அது எந்த ஊர், எந்தப் பட்டி, அதன் தாய் எது என்று சொல்லிவிடுவார். ஆனால் பல்லி முகத்தில் அவருக்கு அவ்வளவு பயிற்சி இல்லை.

ஓய்வு பெற்ற மறு வாரம் அவருக்கு கிதார் வாசிக்க ஆசை வந்தது. முறைப்படி கேட்டார். பல்லி ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னது. கிதார் வந்தது. ஒரு வருஷம் யூடியூபைப் பார்த்து விரல் நுனியெல்லாம் காய்த்து, இட்லியின் சூடு தெரியாத அளவுக்குத் தேறிவிட்டார்.

தப்பு நடந்தது கிதார் சத்தத்தைப் பெரிசாக்குகிற ஆம்ப் ஒன்றை வாங்கியதில்தான். மாடலிங் ஆம்ப் என்று பெயர். பெரிய பெரிய கச்சேரிக்காரர்களின் ஆம்புகள் எப்படிச் சத்தம் போடுமோ, அதே மாதிரி பன்னிரண்டு விதமாகச் சத்தம் போடும் சின்னப் பெட்டி. விலை ஒரு நல்ல மிக்ஸி விலைதான். ஆனால் தள்ளுபடி புதன்கிழமையோடு முடிகிறது என்று போனில் சிவப்பு எழுத்து ஓடியது. பல்லிக்கோ வெள்ளிக்கிழமைதான் முறை. அருள்முருகன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இந்த இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பல்லியைக் கேட்காமல் ஒரு பட்டனை அழுத்திவிட்டார்.

பெட்டி வந்தது. கமலவேணி ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“எத்தினி இருக்குன்னீங்க உள்ள?”

“பன்னெண்டு ஆம்ப் இருக்கு கமலா.”

“பன்னெண்டு இருக்குன்னா ஏங்க ஒரு தக்காளிக் கூடை கனம்கூட இல்ல? பிரிச்சு எண்ணிப் பாருங்க. எவனோ பாதிய உருவிட்டு அனுப்பியிருக்கான்.”

“உள்ள பெட்டி பெட்டியா இருக்காது. குரல்தான் இருக்கும். லண்டன்ல இருக்கற பெரிய ஆம்ப் எப்புடி பேசுமோ அப்புடியே பேசும். இந்தக் குமிழத் திருப்புனா அமெரிக்காக்காரன் மாதிரி பேசும்.”

கமலவேணி பெட்டியைக் கீழே வைத்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பன்னெண்டு பேரு குரல்ல பேசுறவன தெருவுலயே நம்பி நிக்க மாட்டாங்க. நீங்க வூட்டுக்குள்ள கூட்டியாந்து ஒக்கார வச்சிருக்கீங்க. பல்லியக் கேட்டீங்களா?”

அருள்முருகன் கதவு இடுக்கில் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அன்றைக்கே பெட்டியை ஹாலில், அலமாரிக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க ஆரம்பித்தார். பெட்டியில் குரல்களின் பெயர் இங்கிலீஷில் இருந்தது. அவர் தனக்குப் புரிகிற மாதிரி மாற்றி வைத்துக்கொண்டார். ஒன்றாம் எண்ணுக்குப் பெயர் ‘குழாய்த் தண்ணி’. அவ்வளவு சுத்தம். நாலு ‘நெல் மிஷின்’. ஏழு ‘சிமெண்ட் லாரி ரிவர்ஸ்’. ஒன்பது ‘மாமனார் கோபம்’. பன்னிரண்டுக்குப் பெயர் ‘பல் டாக்டர்’. பன்னிரண்டாம் எண்ணில் அவர் ஒரு தடவை முழுச் சத்தம் வைத்து ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். எதிர்வீட்டுத் தொட்டியில் தண்ணீர் மூன்று விரற்கடை இறங்கியது. தெருமுனையில் ஆள் இல்லாமல் நின்றிருந்த மொபெட் தானாகக் கிளம்பி நாலு ரோடு வரைக்கும் போய், சிக்னலில்தான் நின்றது என்று சொன்னவர்கள் உண்டு. பார்த்தவர்களும் உண்டு.

அந்த வார வெள்ளிக்கிழமை கற்பூரம் எரிந்து அணைந்தது. பல்லி சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. சுவரில் பார்த்தால் ஒரு பல்லியும் கிடையாது. டியூப்லைட் அடியில் பூச்சிகள் பயமில்லாமல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசின.

தெரு ஸ்தம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு மலர்கொடியின் மகளுக்கு ஒரு நல்ல வரன் வந்து மூன்று வாரமாகக் காத்திருந்தது. எதிர்வீட்டுக் காத்தாயி சினை மாடு ஒன்றுக்குப் பேசி வைத்துவிட்டு, வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்தாள். அந்த மாடு கன்றே போட்டுவிட்டது. ஒருவர் வீட்டுக்குப் பாதி வெள்ளையடித்து, மீதிக்கு எந்தக் கலர் என்று கேட்க வழியில்லாமல் அப்படியே நிறுத்திவிட்டார். சைக்கிளில் இடதுபுறம் திரும்புவதா வலதுபுறமா என்றுகூடத் தெருக்காரர்கள் யோசித்துக் காலூன்றி நிற்க ஆரம்பித்தார்கள்.

“அக்கா, மாப்ள வூட்டுக்காரங்க உடையார்பாளையத்துலேருந்து தெனம் மூணு வாட்டி போன் போடுறாங்க,” என்றாள் மலர்கொடி. “பையனப் பத்தி ஒண்ணும் இல்ல, பல்லியத் தேடிக்கிட்டிருக்கோம்னு சொல்லி எத்தினி நாளுக்குத்தான் ஓட்டறது?”

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் கற்பூரம் சும்மா அணைந்தபோது கமலவேணி தட்டைத் தரையில் வைத்தார்.

“அடுத்த வெள்ளிக்கெழம ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறேன். இந்தப் பெட்டி இந்த வூட்டுல இருக்கலாமா? பல்லி சொன்னா இருக்கட்டும். சொல்லலைன்னா சின்னதுரை வண்டி எடுத்துட்டு வருவான், ஏத்தி அனுப்பிடுவேன்.”

சின்னதுரை கமலவேணியின் தம்பி. திருமானூரில் கொள்ளிடக் கரையோரம் நெல்லும் கரும்பும் போடுகிறவன். ‘குட்டியானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வைத்திருந்தான். அவனுக்கு அக்கா வீட்டிலிருந்து எது கிளம்பினாலும் அது தனக்கு வந்து சேர வேண்டும் என்று ஒரு கொள்கை. பழைய கட்டில், பழைய டீவி, ஒரு தடவை பழைய கதவு. போனிலேயே சந்தோஷமாகிவிட்டான்.

“குடு அக்கா. கரும்பு வெட்டுற ஆளுங்கள சாப்பாட்டுக்குக் கூப்புடறதுக்கு ஒரு மைக் செட்டு வேணும்னுதான் இருந்தேன்.”

லண்டன் ஆம்பின் குரல் கரும்புக் கொல்லையில் ‘சோறு வந்துருச்சு வாங்கடா’ என்று கூப்பிடப் போகிறது என்பதை நினைத்து அருள்முருகன் எழுந்து போய்ப் பெட்டியைத் துண்டால் ஒரு தடவை துடைத்து வைத்தார். அந்தப் பெட்டி வந்த பிறகுதான் அவர் வாசித்தது முதல் தடவையாக வாசிப்பு மாதிரி கேட்டிருந்தது. அதற்கு முன்னால் எல்லாம் கொசுவலையைச் சீப்பால் வாரின மாதிரி இருக்கும்.

அவர் தன் கஷ்டத்தை வாட்ஸாப் குழுவில் போட்டார். குழுவின் பெயர் ‘ஆம்ப் உரிமையாளர்கள் நலச்சங்கம், பெரம்பலூர் மற்றும் அரியலூர் மாவட்டங்கள்’. உறுப்பினர்கள் மூன்று பேர். மூன்று பேரும் அதே பெட்டி வாங்கியவர்கள். பெட்டியை விற்ற இடத்தில் வாங்கினவர்கள் எழுதும் அபிப்பிராயங்களைப் படித்துத்தான் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி முத்தமிழ்செல்வன் ‘நல்ல பெட்டி. நாலாம் நம்பர் வாசித்தால் பொம்பளையாட்கள் இரண்டு மடங்கு முந்திரி உடைக்கிறார்கள். ஒன்பதாம் நம்பர் வைத்தால் முந்திரி தானாகவே உடைகிறது. ஆனால் பருப்பு பாதியாகிவிடுவதால் நாலு நட்சத்திரம்’ என்று எழுதியிருந்தார். வேப்பந்தட்டையில் மக்காச்சோளம் போடுகிற வீட்டுப் பெண் பிரவீணா சுருக்கமாக எழுதியிருந்தாள்: ‘காட்டுப்பன்றிக்கு மிக நல்லது. ஐந்து நட்சத்திரம்.’

பிரவீணா உண்மையிலேயே நன்றாக வாசிப்பாள். ஆரம்பத்தில் பன்னிரண்டாம் எண்ணைக் கேட்டுப் பச்சமலை வரைக்கும் ஓடிய பன்றிகள், இரண்டு மாதத்தில் பழகிப்போய், சாயங்காலம் ஐந்து மணிக்கு வரிசையாக வரப்பில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டன. சோளத்தைத் தொடுவதில்லை. வாசித்து முடித்ததும் எழுந்து போய்விடும். ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் என்று வாசிக்காமல் இருந்ததற்குத்தான் கோபத்தில் அரை ஏக்கரை மேய்ந்தன.

இந்த இரண்டு பேரும் வியாழக்கிழமை மத்தியானம் அருள்முருகன் வீட்டுக்கு வந்தார்கள். சங்கத்தின் முதல் பொதுக்குழு அதுதான். கமலவேணி மகளைப் பார்க்க அரியலூர் போயிருந்தார்.

“அண்ணே, இதுக்குப் போயி கலங்கறீங்களே,” என்றார் முத்தமிழ்செல்வன், கொண்டு வந்த முந்திரியைத் தானே தின்றுகொண்டு. “லண்டன்காரன் மாதிரி பேசுற பெட்டிக்கு, நம்ம ஊருப் பல்லி மாதிரி பேச வராதா?”

அருள்முருகன் திகைத்துப் போனார். “பல்லி குரல்ல பொய் சொல்றதா? அது தெய்வ குத்தம்பா.”

“தெய்வ குத்தத்துக்கு அப்புறம் பரிகாரம் பண்ணிக்கலாம் சார்,” என்றாள் பிரவீணா. “பெட்டி திருமானூர் போயிட்டா அதுக்குப் பரிகாரமே கெடையாது.”

அருள்முருகன் கிதாரை எடுத்து அவளிடம் கொடுத்தார். பிரவீணா கிதாரை மடியில் வைத்து, இடது கையால் கம்பிகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் லேசாகச் சுரண்டினாள். ஐந்தாம் எண்ணில் அது முதலை பல் கடிக்கிற மாதிரி வந்தது. ஒன்பதில் ஒரு பஸ் அளவு பல்லி, அதுவும் சண்டைக்கு நிற்கிற பல்லி. பதினொன்றில் பல்லி இங்கிலீஷில் சொன்ன மாதிரி இருந்தது. இரண்டாம் எண்ணுக்கு வந்து, எதிரொலிக் குமிழைக் கால் திருப்புத் திருப்பி, அவள் மூன்று தடவை சுரண்டினாள்.

ச்சு ச்சு ச்சு.

முத்தமிழ்செல்வன் வாயில் இருந்த முந்திரியோடு சட்டென்று குனிந்து, பல்லி சொன்னால் எல்லாரும் செய்கிற மாதிரி, விரல் கணுக்களால் தரையைத் தட்டி “கிருஷ்ணா கிருஷ்ணா” என்றார். தட்டிய பிறகுதான் யார் சொன்னது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. அருள்முருகனும் தட்டியிருந்தார். அவருக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

திட்டம் தயாரானது. பெட்டி ஹாலில் அதே இடத்தில் இருக்கும். நீளமான ஒயரைப் பாய்க்கு அடியில் ஓட்டி, கிதாரைப் பக்கத்து அறைக்குள் கொண்டுபோய்விட வேண்டும். பிரவீணா உள்ளே இருப்பாள். கற்பூரம் பாதி எரிந்ததும் அருள்முருகன் இருமுவார். அவள் சுரண்டுவாள்.

வெள்ளிக்கிழமை. ஹாலில் தெருவே நின்றது. மலர்கொடி முன்வரிசை. காத்தாயி, வாங்காத மாட்டின் கயிற்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் சின்னதுரை குட்டியானையைப் பின்புறமாகக் கொண்டுவந்து நிறுத்தி, பெட்டிக்கு அடியில் போட வைக்கோல்கூடப் பரப்பி வைத்திருந்தான். பிரவீணாவும் முத்தமிழ்செல்வனும் சங்கத்து ஆட்கள் என்று கமலவேணியிடம் அறிமுகம் செய்யப்பட்டார்கள். உள்ளே போன பிரவீணா தலைவலி என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“வெத்தல பாக்கு வச்சு அழைச்ச மாதிரி வந்திருக்கியே மாப்ள,” என்றார் அருள்முருகன்.

“கெடைக்கறத வாங்கிக்கறதுக்கு வெத்தல பாக்கு எதுக்கு மாமா?” என்று சிரித்தான் சின்னதுரை. “நீங்க கவலப்படாதீங்க. தீவாளி பொங்கலுக்கு வந்து பாத்துட்டுப் போங்க.”

கமலவேணி கற்பூரத்தைக் கொளுத்தினார். சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“தாயே. இந்தப் பெட்டி இந்த வூட்டுல இருக்கலாமா? இருக்கலாம்னா சொல்லு.”

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தெருவில் நாய்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டது. கற்பூரம் பாதிக்கு வந்தது. அருள்முருகன் இருமினார்.

அந்த நொடியில் கரண்ட் போய்விட்டது.

டியூப்லைட் அணைந்தது. மின்விசிறி மெதுவாகி நின்றது. பெட்டியின் மேல் மினுக்கிக்கொண்டிருந்த பச்சைப் பொட்டு செத்துப்போனது. அருள்முருகன் மறுபடி இருமினார். உள்ளே பிரவீணா சுரண்டுகிற சத்தம், கம்பியில் எறும்பு நடக்கிற அளவுக்குக்கூட வெளியே வரவில்லை. அவர் பலமாக இருமினார். நெஞ்சு வெளியே வந்து விழுகிற மாதிரி இருமினார்.

“மாமாவுக்குத் தண்ணி குடுங்கடா,” என்றான் சின்னதுரை, சட்டைக் கையை மடித்துக்கொண்டே. “கற்பூரம் முடிஞ்சதும் தூக்கறதுதான்.”

கற்பூரம் ஒரு பயற்றளவுக்கு வந்தது. அப்புறம் கடுகளவு. நீல நிறத்தில் ஒரு தடவை துடித்தது.

ச்சு ச்சு ச்சு.

நாற்பது பேர் ஒரே சமயத்தில் குனிந்து தரையைத் தட்டினார்கள். “கிருஷ்ணா கிருஷ்ணா!” வீடு ஒரு தடவை குலுங்கி உட்கார்ந்தது. மேலத்தெருவில் நில அதிர்ச்சி என்று வெளியே ஓடிவந்தார்கள்.

சத்தம் பெட்டியிலிருந்துதான் வந்தது. அருள்முருகன் முதலில் பிரவீணாவை மனதுக்குள் பாராட்டினார். எவ்வளவு கெட்டிக்காரப் பெண்! அப்புறம்தான் தலைக்கு மேலே நின்று கிடந்த மின்விசிறியைப் பார்த்தார். கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத பெட்டி எப்படிப் பேசும்? முதுகுத் தண்டில் மேலிருந்து கீழாக ஒரு குளிர்ந்த பல்லி இறங்கியது. முத்தமிழ்செல்வன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வாசல் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார். அறைக் கதவு திறந்தது. பிரவீணா கிதார் தட்டுகிற வில்லையோடு வெளியே வந்து, முகம் வெளுத்து, “சார், நான் இல்ல சார்...” என்று ஆரம்பித்தாள். அருள்முருகன் தன் வாழ்நாளிலேயே பெரிய இருமலை இருமி அந்த வாக்கியத்தை மூழ்கடித்தார்.

“பித்தலாட்டம்!” என்று சின்னதுரை குதித்தான். “அக்கா, பல்லி எங்க? பெட்டிதான் கத்துது. பன்னெண்டு குரல்ல இதுவும் ஒண்ணு!”

“கரண்டே இல்லியேப்பா,” என்றாள் மலர்கொடி.

“உள்ள பாட்டிரி இருக்கும்.”

“இதுல பாட்டிரி கெடையாது மாப்ள, சத்தியமா,” என்றார் அருள்முருகன். அன்றைக்கு அவர் பேசிய ஒரே உண்மை அதுதான்.

சின்னதுரை பெட்டியைத் திருப்பினான். அதன் பின்பக்கம் பாதி திறந்திருக்கும். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான். அடித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே, ஸ்பீக்கரின் முதுகுக்குப் பக்கத்தில், கதகதப்பான ஒரு மூலையில் பல்லி இருந்தது. வால் மடிந்து, கண் பிதுங்கி, ‘யாருடா வெளக்கடிக்கிறது’ என்கிற மாதிரி பார்த்தது. அதன் அடியில் தலைவலி மாத்திரை மாதிரி வெள்ளையாக இரண்டு முட்டைகள்.

கமலவேணி முழங்காலிட்டு எட்டிப் பார்த்தார்.

“இங்கியா ஆத்தா இருக்க? மூணு வாரமா நான் வூட்ட ரெண்டாக்கித் தேடுறேன். அதான் சொல்லல. புள்ளத்தாச்சி. பேசத் தெம்பு இருக்குமா?” என்றார். அப்புறம் திரும்பிக் கணவரைப் பார்த்தார். “இதுக்கு மேல ஒக்காந்துதான் பல் டாக்டரும் சிமெண்ட் லாரியும் ஓட்டுனீங்களா?”

சின்னதுரை அவ்வளவு சுலபமாக விடுகிறவன் இல்லை. வைக்கோல் பரப்பிய வண்டியை வெறுமனே ஓட்டிப் போவது அவன் பரம்பரையில் கிடையாது. எழுந்து நின்று திசை பார்த்தான்.

“அக்கா. பெட்டி இருக்கறது தெக்குப் பக்கம். தெக்கால சொன்னா ஆகாதுன்னு நம்ம அம்மா சொல்லுமா சொல்லாதா?”

கமலவேணி யோசித்தார். அவர்கள் பிறந்த வீட்டுக் கணக்கில் அப்படித்தான். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

முத்தமிழ்செல்வன் வாசலிலிருந்து திரும்பி வந்தார். “அம்மா, ஒரு வார்த்த. ஹாலுக்குத் தெக்கால இருக்கறது பெட்டி. பல்லி இருக்கறது பெட்டிக்குள்ள. பெட்டிக்குள்ள அது எந்தப் பக்கம் இருக்குன்னுதான பாக்கணும்? கெழக்கு ஓரமாத்தான படுத்திருக்கு!”

“இப்ப கெழக்கு. நான் பெட்டியத் திருப்புறதுக்கு முன்னால மேக்கு,” என்றான் சின்னதுரை.

“திருப்பச் சொன்னது யாரு? சொன்னப்ப மேக்கு, பாத்தப்ப கெழக்கு. பாத்ததுக்குத்தான மதிப்பு?”

“அப்ப நான் இன்னொரு வாட்டி திருப்புவேன்.”

திருப்பினான். முத்தமிழ்செல்வன் மறுபடி திருப்பினார். பெட்டிக்கு மேலே நல்ல கைப்பிடி இருந்ததால் திருப்புவது சௌகரியமாக இருந்தது. கால் மணி நேரத்தில் அந்தப் பல்லி எட்டுத் திசையையும் இரண்டு தடவை பார்த்துவிட்டது. அருள்முருகன் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு “மெதுவா, மெதுவா, முட்ட” என்று கூடவே சுற்றினார்.

கடைசியில் காத்தாயிதான் மாட்டுக் கயிற்றால் தரையில் ஓர் அடி அடித்து நிறுத்தினாள்.

“ஏப்பா திருமானூரு! பெட்டிய நீ ஏத்திக்கிட்டுப் போனீன்னா பல்லி எங்க போவும்?”

சின்னதுரை பதில் சொல்வதற்குள் தெருவுக்கே விளங்கிவிட்டது. மலர்கொடி பெட்டியின் மேல் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டாள்.

“எம் மவ கல்யாணத்த முடிக்காம இத எவன் தூக்கறான்னு பாக்கறேன்!”

நாற்பது பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். பாதி வெள்ளையடித்தவர், ஒரு பக்கம் மட்டும் சுண்ணாம்பு படிந்த முகத்தோடு சின்னதுரையை முறைத்தார். சின்னதுரை கூட்டத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

“பெட்டி இருக்கட்டும்,” என்றார் கமலவேணி.

அருள்முருகனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே நேரத்தில் கரண்டும் வந்தது. மின்விசிறி சுற்றியது, பச்சைப் பொட்டு எரிந்தது. கமலவேணி நேராகப் போய்ச் சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, ஒயரைச் சுருட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“கமலா... என்ன இது?”

“இந்த வூட்டுல இருக்கலாமான்னுதான கேட்டேன். வாசிக்கலாமான்னு கேக்கலியே.”

“ஹெட்போன் மாட்டிக்கிட்டா சத்தமே வெளிய வராதும்மா,” என்று பிரவீணா மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

“புள்ளத்தாச்சி இருக்கற எடத்துல கரண்டு குடுப்பியா நீ? ஒங்க வூட்டுல அப்புடித்தானா?”

பிரவீணா கையிலிருந்த வில்லையை மெல்லப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். பன்னிரண்டு குரலையும் திருப்புகிற குமிழில் ஒரு முழம் மல்லிகை ஏறியது. அன்றைக்கே மலர்கொடி மகளின் கேள்வி, மாட்டின் கேள்வி, சுவர்க் கலரின் கேள்வி எல்லாம் வரிசையாகத் தீர்ந்தன. மாட்டுக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னது, கன்றையும் சேர்த்து.

கூட்டம் கலைந்த பிறகு சின்னதுரை தயங்கித் தயங்கி முன்னால் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, ஒரு கட்டி கற்பூரம் இருக்கா? எனக்கும் ஒண்ணு கேக்கணும்.” கும்பிட்டான். “ஆத்தா, நான் ஒரு பெட்டி வாங்கலாமா?”

தீக்குச்சி உரசுவதற்கு முன்னாலேயே பல்லி சொல்லிவிட்டது.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் அருள்முருகன் குளித்து, விபூதி பூசி, “நான் வாசிக்கலாமா?” என்று கேட்டார். தெருவில் ஒருவர் செருப்பு வாங்கலாமா என்று கேட்டதற்குக்கூடச் சொன்ன பல்லி, இவர் கேட்டால் மட்டும் உள்ளே திரும்பிப் படுத்துக்கொண்டது. பன்னிரண்டாம் எண்ணை அது மறக்கவில்லை. அவர் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒயர் இல்லாத கிதாரைக் கொசுவலையைச் சீப்பால் வாருகிற மாதிரி வாரிக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டி அவருடைய வீட்டில்தான் இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது என்று கமலவேணி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமானூரிலிருந்து போன் வந்தது. பின்னணியில் எதுவோ கொள்ளிடத்தையே இரண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தது. அது ஏழாம் எண் என்று அருள்முருகனுக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

“மாமா!” என்று கத்தினான் சின்னதுரை. “பெட்டி வந்து மூணு நாளாச்சு. கெட்டியாத்தான் இருக்கு. பல்லிதான் இன்னும் வரல. எத்தினியாம் நம்பர்ல வச்சா வரும்?”

அருள்முருகன் ஒரு கணம் யோசித்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அத போன்ல சொல்ல முடியாது மாப்ள. ஒவ்வொரு நம்பரா நேர்ல வாசிச்சுத்தான் பாக்கணும். நாள் புடிக்கும்.”

பதினைந்தாவது நிமிஷத்தில் அவர் கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு திருமானூருக்கு வழியான அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.